கேக்குதேன்

அந்தப் பொங்கல் விழா அழைப்பிதழை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கலிபோர்னியாவில், சன்னிவேல் அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரன் நார்வேக்காரன். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அவன் ஊர் ராக் குழுவின் சிடியைப் போட்டு ஹெட்ஃபோனை என் காதில் மாட்டிவிட்டான். அவர்கள் பாடுவது தலைநகரத்துப் பேச்சு இல்லையாம், அவன் வட்டாரத்துப் பேச்சாம். ‘நான்’ என்பதற்கு ஆ-வுக்கும் ஏ-வுக்கும் நடுவில் ஆடு கத்துவதுபோல ஒரே ஒரு சத்தம். முதலில் தலைநகரத்தில் சிரித்தார்களாம். இப்போது அங்கேயே அரங்கு நிறைய ஜனம் அந்தச் சத்தத்தைத் தப்பும் தவறுமாகச் சேர்ந்து பாடுகிறதாம். என்னவோ தானே பாடியதுபோலச் சொன்னான்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் தூத்துக்குடிக்காரி. சினிமாவில் எங்கள் பேச்சு அரிவாள் தூக்குகிறவனுக்கும் சிரிப்பு காட்டுகிறவனுக்கும்தான். அமெரிக்கா வந்த பிறகு நானே பல்லைக் கடித்துக்கொண்டு சென்னைத் தமிழுக்கு மாறியிருந்தேன்.

அந்த வாரமே ஒரு பாட்டு எழுதினேன். விசா சிக்கலில் ஊருக்குப் போனால் திரும்ப விடமாட்டார்களோ என்று பயந்துகொண்டு கிடந்த காலம் அது. ஞாயிறுதோறும் போனில் அம்மா கேட்பதையே பல்லவியாக்கினேன்: “ஏட்டி, எப்ப வருவ? கேக்குதேன்லா.” கூட வேலை பார்த்த சென்னைப் பையன்கள் மூன்று பேர் கித்தார், கீபோர்டு, டிரம்ஸ். ஒரு பிறந்தநாள் பார்ட்டியில் பாடினோம். அடுத்து நாலு வீட்டில் கூப்பிட்டார்கள். கடைசியில் தமிழ்ச் சங்கமே கூப்பிட்டது.

அழைப்பிதழில் எங்கள் பாட்டு இப்படி அச்சாகியிருந்தது: ‘கேக்கு, தேன் - சிறுவர் பாடல்’. மாறுவேடப் போட்டிக்கு அடுத்து எங்களைப் போட்டிருந்தார்கள். விழாப் பொறுப்பாளர் அங்கிளுக்குப் போன் செய்தேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

“கேட்கிறேன்னு அர்த்தமா? நான் பர்த்டே கேக்குனு நினைச்சுட்டேம்மா! மேடையில நல்ல தமிழ்லயே பாடிடேன். கிட்ஸ் கன்ஃப்யூஸ் ஆயிடுவாங்க.”

“முடியாது அங்கிள், அது எங்கம்மா கேக்கறது” என்றேன். அதையும் சென்னைத் தமிழில்தான் சொல்லித் தொலைத்தேன்.

மேடையில் முதல் வரிக்கே சிரித்தார்கள். சிரிக்கட்டும், அந்த நார்வேக் குழுவுக்கும் முதலில் அப்படித்தானே. பல்லவி வந்தது. நான் “கேக்குதேன்” என்று இழுத்தால், பின்னால் மூன்று மைக்கிலும் “கேட்கிறேன்” என்று வருகிறது. எனக்குத் தெரியாமல் அங்கிளிடம் ஒத்துக்கொண்டு, நைசாக ஒத்திகையும் பார்த்திருக்கிறார்கள். பாட்டு முழுக்க என் அம்மாவை மூன்று பேர் திருத்திக்கொண்டே இருந்தார்கள். அரங்கில் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது.

“டென்ஷன் ஆகாத, சூப்பரா ரீச் ஆச்சு” என்றான் கித்தார்காரன். காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அந்த மூன்று பேரும் வேறொரு பெண்ணைப் பாட வைக்க, ‘கேட்கிறேன்’ என்ற பெயரில் அந்தப் பாட்டு நியூ ஜெர்சி, டெக்ஸஸ் என்று ஊர் ஊராகப் போனது. அம்மா, “பாட்டை சிடில அனுப்பேம்ட்டி” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். என்னிடம் இருந்தது விழாவில் பதிந்த சிடி மட்டும்தான். அவளைத் திருத்தும் குரல்களை அவளுக்கே எப்படி அனுப்புவது? அனுப்பவில்லை.

சில வருஷங்களில் வட்டாரப் பேச்சுப் படங்கள் ஓட ஆரம்பித்தன. எங்கள் பேச்சுக்கும் திடீரென்று மவுசு. கித்தார்காரன் போன் செய்தான்.

“உன் பாட்டை ஒரிஜினல் ஸ்லாங்லயே ரெக்கார்ட் பண்றோம். இப்ப அதான் ட்ரெண்ட். நீ வந்து ப்ரொனன்சியேஷன் மட்டும் சொல்லிக் குடேன், ப்ளீஸ்.”

அவனிடம் அதுவரை நான் என் ஊர்ப் பேச்சில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“ஏல, அன்னைக்கு மேடையில நான் ஒத்தையில நின்னு கத்துனேன்லா, அப்ப உன் வாய் எங்கல போச்சு? கேக்குதேன்.”



“சூப்பர்!” என்றான். “இதையே இன்னொரு தடவை மெதுவா சொல்லேன்.”