லாரி தூக்கும் பையனுக்குத் திருஷ்டிப் பொட்டு

என்னிடம் ஒரு பழைய வெளிநாட்டுச் சித்திரக்கதைப் புத்தகம் இருக்கிறது. பள்ளிக்கூட நாட்களில் திருவல்லிக்கேணி நடைபாதைக் கடை ஒன்றில் வாங்கியது. அசுர பலம் கொண்ட ஒரு சிறுவன் தன் தாத்தா பாட்டியோடு வாழ்கிறான். லாரியைத் தூக்குகிறான், பறக்கிறான், அணை உடைந்தால் முதுகைக் கொடுத்து நிற்கிறான். வீட்டுக்குள்ளும் கோட்டைக் கழற்றாத தாத்தா, அக்கம்பக்கத்தில் "எங்கள் பேரன் ரொம்ப நோஞ்சான்" என்று சொல்லிச் சமாளிக்கிறார். கதை அவ்வளவுதான். இப்போது இது எங்கும் கிடைப்பதில்லை என்பதால் பிளாஸ்டிக் உறை போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். மயிலாப்பூரில் எங்கள் ஃப்ளாட்டுக்கு வரும் யாரையும் தொட விடுவதில்லை. என் மனைவிக்குத் தொடும் ஆசையே வந்ததில்லை.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாலவாக்கத்தில் இருக்கும் எங்கள் ஒரே மகள் சாப்பிட வந்தாள். தானும் கணவனும் குழந்தை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டதாகச் சொன்னாள். நாங்கள் "சரிம்மா" என்றோம். என் மனைவி எல்லோருக்கும் மறுபடி ரசம் ஊற்றினாள். நாங்கள் ஏற்கெனவே மோருக்கு வந்துவிட்டிருந்தோம். மோர் சாதத்தின் மேல் ரசம். அப்படியே பிசைந்து சாப்பிட்டு முடித்தோம்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் பீரோ திறந்து கிடந்தது. மனைவி கட்டிலில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பையனுக்கு ஏன் எப்பப் பாத்தாலும் ரொட்டியே போடறாங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

சில நாள் கழித்து எடுத்துப் புரட்டினால், கட்டத்துக்குக் கட்டம் அந்தப் பையனின் கன்னத்தில் கண்மை. மூடி வைத்ததில் எதிர்ப்பக்கத்திலும் ஒட்டி, வில்லனுக்கு மூக்கின் மேல் ஒரு பொட்டு. புத்தகத்தை மனைவி முன்னால் நீட்டினேன்.

"என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கே?"

"ஊரே பாக்க லாரியைத் தூக்கறான். அந்தப் பாட்டி ஒரு பொட்டு வெச்சு அனுப்ப வேண்டாமா? அவளுக்குத் தெரியல. நான் வெச்சேன்."

பஞ்சை நனைத்து வில்லனை மட்டும் துடைத்தேன். மூக்கும் சேர்ந்து வந்துவிட்டது.

அடுத்த முறை மகள் வந்தபோது புத்தகம் சாப்பாட்டு மேஜையிலேயே கிடந்தது. எடுத்துப் புரட்டிச் சிரித்தாள்.

"யாருப்பா இதை வெச்சது? நீங்களா?"

"அம்மா."

அதற்கப்புறம் சிரிக்கவில்லை. கடைசிப் பக்கம் வரை பார்த்தாள். புத்தகத்தை உறைக்குள் போட்டுவிட்டு, அம்மா இருந்த சமையலறைக்குப் போனாள். அம்மா அழுதால் இவள் மனசு கேட்காமல் எங்களுக்காக ஒரு பிள்ளை பெற்றுக்கொள்வாளோ, இல்லை இந்தப் பக்கம் வருவதையே விட்டுவிடுவாளோ என்று பயமாக இருந்தது. எனக்கு இரண்டுமே வேண்டாம்.

"உனக்கு ரொம்ப ஆசையாம்மா?" என்று மகள் கேட்பது ஹாலுக்குக் கேட்டது.

கரண்டிச் சத்தம் நின்றது.

"ஆமா, ஆசைதான். அதுக்காக நீ ஒண்ணும் பெத்துக்க வேண்டாம். ஆசை என்னோடது, நான் வெச்சுக்கறேன். இந்தா, இந்த அப்பளத்தைப் பொரி."

மகள் பொரித்தாள். நான் ஹாலிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அதே ஆசைதான் இருந்தது, இன்னும் இருக்கிறது. என்னை யாரும் கேட்கவில்லை.