உள்ளே பூசணம்

ஜெய்னம்பு அக்கா இறந்த செய்தி நம் புகைப்படக்காரர்கள் வாட்ஸப் குழுவில் இரண்டு லென்ஸ் விளம்பரங்களுக்கு நடுவே வந்தது. அதற்கு மேலே ஒருவர் ‘புதுசு மாதிரி, அவசர விற்பனை’ என்று போட்டிருந்தார். செய்தி வந்த நான்காவது நிமிடத்தில் இன்னொருவர், ‘அவங்க ஸ்டாக்கை யார் எடுக்கிறாங்க?’ என்று கேட்டிருந்தார். இடையில் நீங்கள் எல்லோரும் கும்பிட்ட கைகளைப் போட்டிருந்தீர்கள். அந்தக் கைகளில் பாதி, அவரிடம் பேரம் படியாமல் திரும்பி வந்து, ‘தாராவிக்காரிக்குத் திமிர்’ என்று இதே குழுவில் எழுதிய கைகள். எனக்கு மறதி குறைவு. அப்படி எழுதியவர்களில் நானும் ஒருவன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்காவைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி தாராவிக்கு வந்தவர். தோல் பைப் பட்டறையில் கேமரா பை தைத்துக்கொண்டிருந்தார். பழுது பார்க்க வந்த பைகளுக்குள் ஜனங்கள் மறந்து விட்டுப் போன லென்ஸ்களைப் பிரித்துப் பார்த்ததில் தொடங்கியது இந்தத் தொழில். பழைய லென்ஸைத் துடைத்து, சரிசெய்து விற்கிறவர்கள் பம்பாயில் ஏராளம். அவர்கள் கடைகளில் எல்லா லென்ஸும் புதுசு மாதிரி. அக்கா கடையில் மட்டும் எதுவும் புதுசு மாதிரி இருக்காது. ஒவ்வொரு லென்ஸின் கழுத்திலும் நூலில் கட்டிய ஒரு சீட்டு தொங்கும். அதன் குறைகள் மட்டும் அதில் தமிழில் எழுதியிருக்கும். நிறை ஒன்றும் இருக்காது. “நல்லதை நீயே கண்டுபிடிச்சுக்கிடுவ. கெட்டதை நான்தான சொல்லணும்” என்பார்.

செம்பூர்க்காரர் ஒருவர் ஒருநாள் முன்கண்ணாடியில் கீறல் இருந்த லென்ஸைத் தொடவே மறுத்தார். அக்கா அதை அவருடைய கேமராவிலேயே மாட்டி, எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படமெடுத்துப் பெரிதாக்கிக் காட்டினார். மூலை வரைக்கும் எழுத்து தெளிவாக இருந்தது. “முன்னால இருக்க கீறல் விலையைத்தான் குறைக்கும், படத்தைக் குறைக்காது. கையில காசு இல்லாதவன் இதைத்தான் தேடி வாங்கணும். பின்கண்ணாடியில இருந்தா பயப்படு” என்றார். செம்பூர்க்காரர் கேட்கவில்லை. மாட்டுங்காவில் கடை வைத்திருக்கும் நம் குழுவின் பெரிய மனிதரிடம் போய், பளபளவென்று ஒன்றை இரண்டு மடங்கு விலைக்கு வாங்கினார். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, ‘நம்பிக்கை இல்லையா சார்?’ என்றாராம் பெரிய மனிதர். உள்ளே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பிளேடுகளில் எண்ணெய் ஒட்டியிருந்தது. முதல் மழைக்காலத்திலேயே அவை அசையாமல் நின்றுவிட்டன. கதையைக் கேட்ட அக்கா, “டார்ச் அடிக்க விடாதவன்ட்ட லென்ஸும் வாங்காத, பேச்சும் வச்சுக்கிடாத” என்று மட்டும் சொன்னார். செம்பூர்க்காரரும் கும்பிட்ட கை போட்டிருக்கிறார்.

என் கதை அதைவிடக் கேவலம். நான் வடாலாவில் பிறந்து இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவன். வீட்டில் தமிழ் பேசுவேன். வாசிப்பதென்றால் எழுத்துக் கூட்ட வேண்டும், அதை வெளியே சொல்ல வெட்கம். அக்கா கடையில் நான் எடுத்த லென்ஸின் சீட்டில் இரண்டு வரி இருந்தது. முதல் வரியைக் கூட்டினேன். உள்ளே, பூ, ச, ண. பூஷண். இந்த ஊரில் பூஷண் என்றால் ஒரு ஆள். லென்ஸின் பழைய சொந்தக்காரன் பூஷண், உள்ளே எங்கோ தன் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறான் என்று முடிவுகட்டினேன். இரண்டாவது வரியைக் கூட்டப் பொறுமையில்லை. “படிச்சாச்சா தம்பி?” என்றார் அக்கா. “படிச்சாச்சு” என்றேன்.

அந்த வாரம் ஒரு கல்யாணத்தில் மேடை விளக்குகளுக்கு எதிரே எடுத்த படங்களில் மணப்பெண்ணின் முகம் முழுக்கப் புகை. லென்ஸ் வாங்கிய நான்காம் நாள் தாராவிக்குப் போய்ச் சந்தில் நின்று சண்டை பிடித்தேன். “அந்த பூஷண் யாரு? அவன் நம்பரைக் குடுங்க” என்றேன். அக்காவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஏல, அது ஆளு இல்ல, பூசணம். மழையில ரொட்டியில பூக்குமே, அது. கண்ணாடிக்குள்ளயும் பூக்கும்.”

சந்தே சிரித்தது. அடுத்த வரியை அவரே வாசித்தார்: ‘விளக்குக்கு எதிரே ஆகாது.’ ஏழு நாளுக்குள் கொண்டுவந்தால் பணத்தைத் திருப்பித் தருவது அவர் வழக்கம். என் முட்டாள்தனத்துக்காக அதை அவர் மாற்றவில்லை. சீட்டை மட்டும் அவிழ்த்து என் சட்டைப்பையில் செருகி, “தெரியலன்னா கேக்க வேண்டியதுதான? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?” என்றார். மறுநாளிலிருந்து சீட்டைச் சத்தமாக வாசித்தால்தான் லென்ஸ் கைக்கு வரும் என்று ஆயிற்று. வாசிக்க வராது என்று ஒப்புக்கொள்பவர்களுக்கு அவரே வாசித்துக் காட்டுவார். நீங்கள் எல்லோரும் திட்டிக்கொண்டே வாசித்தீர்களே, அந்தச் சட்டம் என்னால் வந்தது. பூஷண் கதையையும் வருஷக்கணக்கில் சொல்லிச் சிரித்தீர்கள்.

அதன் பிறகு வீம்புக்குத் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொண்டேன். அவர் சீட்டில் ஒரு பொய்யாவது கண்டுபிடித்துக் குழுவில் போட வேண்டும் என்பதுதான் நோக்கம். பொய் ஒன்றும் அகப்படவில்லை. எழுத்துப்பிழைதான் அகப்பட்டது. கீறலை எப்போதும் ‘கீரல்’ என்றே எழுதுவார். வெற்றியோடு போய்ச் சொன்னேன். “ற மாறிப்போச்சுன்னா கீறல் அழிஞ்சிருமோ?” என்று கேட்டுவிட்டு அடுத்த சீட்டிலும் கீரல் என்றே எழுதினார்.

அக்கா இறந்த மூன்றாம் நாள் துக்கம் கேட்க வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்பே மாட்டுங்காப் பெரிய மனிதர் வந்து, லென்ஸ் அலமாரிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்காவின் மகள் நஸ்ரின் மான்குர்த்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அவளுக்கும் தமிழ் வாசிக்க வராது. ஒரு சீட்டைப் பிடித்துக்கொண்டு, “அங்கிள், இதுல உம்மா என்ன லிக்கியிருக்காங்க?” என்று இந்தி கலந்த தமிழில் அவரிடம் கேட்டாள்.

பெரிய மனிதர் சீட்டைப் பார்த்தார். “பழைய ஓனர் பேரும்மா. பூஷண். இதெல்லாம் இனிமே எதுக்கு, பிச்சுப் போட்றலாம். நான் மொத்தமா எடுத்துக்கறேன், உனக்கு டென்ஷன் வேணாம்” என்றார்.

அவருக்கு நன்றாகத் தமிழ் தெரியும். என்னை வைத்து அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தச் சிரிப்பையே எடுத்து, செத்துப்போனவளின் மகளிடம் விற்கிறார். சீட்டுகளைப் பிய்த்துவிட்டு, அக்கா கையால் சரிபார்த்தது என்று சொல்லி அவ்வளவையும் புதுசு மாதிரி தள்ளிவிடுவார். ஏமாறுகிறவன் அக்காவைத்தான் திட்டுவான்.

நான் சீட்டை வாங்கிச் சத்தமாக வாசித்தேன். “உள்ளே பூசணம். விற்கக் கூடாது.” பூசணம் என்றால் என்ன என்று நஸ்ரினிடம் சொன்னேன். அலமாரியிலிருந்த ஒவ்வொரு சீட்டையும் எடுத்து வாசித்தேன். அவள் தன் நோட்டில் இந்தியில் எழுதிக்கொண்டாள். பத்தாவது சீட்டு வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. “உம்மா சொன்ன மாதிரியே நான் வித்துக்கறேன் பாய்சாப்” என்றாள் நஸ்ரின். எனக்கு அழுகை வந்தது.

அக்கா அன்று என் சட்டைப்பையில் செருகிய சீட்டு இன்றும் என் பர்ஸில் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், அதை வாசிக்கத் தெரிந்ததும்தான். நீங்கள் நாளைக்கு இரங்கல் கூட்டம் போட்டு அவரைப் புதுசு மாதிரி ஆக்கிவிடுவீர்கள். அதற்கு முன்னால் அவருக்கும் ஒரு சீட்டு எழுதிவிட்டேன். எழுத்துப்பிழை அவருடையது. கடைசி வரி குறை இல்லை, அவர் சட்டப்படி கூடாது, ஆனால் விட மனமில்லை. சத்தமாக வாசியுங்கள்.

வெளியே கீரல் நிறைய.
வாய் சரியில்லை.
பேரத்துக்கு ஆகாது.
உள்ளே பூசணம் இல்லை.