வெள்ளிக்கிழமை பிரியாணிக்கு எத்தனை இஃப்

சமையல் மாஸ்டர் இருந்தார். கையில் கரண்டி. கம்ப்யூட்டர் ரூமுக்கு எதற்குக் கரண்டி என்று யாரும் கேட்கவில்லை. சிஸ்டம் சார் இருந்தார். கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வருகிறவர், சைவம். பாய் இருந்தார். கோவளத்துக்காரர், ஃபிட்டர், கேன்டீன் கமிட்டி மெம்பர். அன்று நோன்பு. நான் இருந்தேன். கேன்டீனில் டோக்கன் வாங்கிப் பெட்டியில் போடுகிற வேலை. படிப்பு எட்டாவது.

மறைமலைநகரில் கார் சாமான் செய்கிற ஒரு கம்பெனி. ஆள் வந்த கணக்கு வைக்கிற அதன் டைம் ஆபீஸ். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். ரூமில் ஏ.சி. உண்டு. அது கம்ப்யூட்டருக்கு.

வெள்ளிக்கிழமை மதியம் கோழி. எத்தனை பேர் தின்பார்கள் என்பது யாருக்கும் தெரியாது. ஒரு வாரம் மீந்து கொட்டினோம். அடுத்த வாரம் பத்தாமல் போய் மாஸ்டரை அடிக்க வந்தார்கள். அதற்கடுத்த வாரம் மறுபடியும் கொட்டினோம். மானேஜர் கூப்பிட்டார். இன்னொரு வெள்ளி கறி வீணானால் சமையலை வெளி ஆளுக்கு விட்டுவிடுவேன் என்றார். மாஸ்டர் போனால் நாங்கள் அத்தனை பேரும் போக வேண்டியதுதான். அந்த இன்னொரு வெள்ளிதான் இது. அன்றைக்குப் பார்த்து பிரியாணி.

சிஸ்டம் சார் ஒரு வழி சொல்லியிருந்தார். கேட்டில் கார்டு தேய்த்தவன் நம்பர் ஒரு ஃபைலில் வரிவரியாக விழும். யாருக்கு என்ன விரதம் என்று இன்னொரு ஃபைலில் எழுதி வைத்தால் போதும். ஆக் என்று ஒரு கட்டளை இரண்டையும் படித்து ஆள் வாரியாகப் பிரித்துக் கொடுக்கும். பிறகு இஃப் போட வேண்டும். இன்னது இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய். அவ்வளவுதான் இஃப்.

அந்த வாரம் முழுக்க நான் லைனில் போய் ஆள் ஆளாகக் கேட்டு வந்தேன். ஆளுக்கு ஓர் எழுத்து. வெள்ளி விரதமா, மலைக்கு மாலையா, நோன்பா, ஒன்றும் இல்லையா. கார்த்திகையும் ரம்ஜானும் சேர்ந்து வந்த வருஷம். ஒன்றும் இல்லாதவர்கள் கொஞ்சம் பேர்தான்.

காலை ஏழரை. ஷிப்ட் ஆட்கள் எல்லாரும் உள்ளே வந்தாயிற்று. கோழிக்கடை வண்டி வெளியே நின்றது. நம்பர் சொன்னால்தான் இறக்குவான்.

சார் தட்டிக்கொண்டே கேட்டார். "வெள்ளி விரதம்னா கறி வேணாம். சரியா?"

"சரி சார்," என்றேன்.

ஒரு இஃப்.

"மாலை போட்டவருக்கு சாம்பார் சாதம்."

இன்னொரு இஃப்.

"பாய், நீங்க மத்தியானம் சாப்பிட மாட்டீங்க. நோன்புக்காரங்களை எடுத்துடலாமா?"

"நோன்பு எனக்குத்தான் சார். டோக்கனுக்கு இல்ல. பார்சல் கட்டிக் குடுங்க. சாயங்காலம் வூட்டாண்ட போயி பாத்துக்கறோம்."

அதற்கும் ஒரு இஃப். மிச்சம் இருப்பவன் எல்லாம் எல்ஸ். எல்ஸுக்குக் கறி.

ஓட்டினார். மெஷின் திட்டியது. இஃப் போட்டதும் ஓர் அடைப்பு வருகிறது. அடைப்புக்குள் இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட வேண்டுமாம்.

"இன்னா சார் இது," என்றார் மாஸ்டர், "சம்பந்தி வூட்டு ஆளு மாரி எடம் வுட்டாதான் குந்துமா?"

சார் இடம் விட்டார். திரையில் முப்பத்தெட்டு என்று வந்தது.

மாஸ்டர் கரண்டியை மேஜைமேல் வைத்தார். "பிரியாணிக்கு முப்பத்தெட்டு பேரா? அண்டா கழுவுற தண்ணிக்கே அத்தினி பேரு வருவான் சார்."

"பாதிப் பேருக்கு மேல வெள்ளி விரதம்னு எழுதியிருக்கே மாஸ்டர்."

"அது கொழம்புக்கு சார். பிரியாணின்னா வெரதத்துக்கு லீவு."

சார் என்னைப் பார்த்தார். எனக்கும் வெள்ளி விரதம்தான்.

"ஆமா சார்," என்றேன்.

எல்ஸுக்கு மேலே ஒரு வரி சேர்த்தார். இன்று பிரியாணியானால் கறி. ஓட்டினார். அதே முப்பத்தெட்டு. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு விளங்கியது. இஃப் வரிசையில் எது முதலில் பொருந்துகிறதோ அதோடு ஆள் நின்றுவிடுவான். கீழே இருப்பதை மெஷின் படிக்காது. வெள்ளியில் மாட்டியவன் பிரியாணிக்குப் போய்ச் சேரவேயில்லை.

பிரியாணியைத் தூக்கி உச்சியில் வைத்தார். இப்போது கம்பெனி மொத்தமும் கறி தின்றது, மாலை போட்டவர் உள்பட.

பாய் பதறிவிட்டார். "சார், சாமிங்களுக்கு மேல எடம் குடுங்க. மலைக்குப் போறவரு தட்டுல பீஸு வுழுந்துச்சுன்னா மத்தியானம் ஒரே பேஜாருதான்."

"மொதல்ல சாமி, அப்புறம் பிரியாணி, அதுக்குக் கீழ வெள்ளி," என்றார் மாஸ்டர். "பந்தியில குந்த வெக்கிற மாரிதான் சார். எவனை மொதல்ல குந்த வெக்கணும்னு தெரிஞ்சா போதும்."

சார் வரிகளை இடம் மாற்றினார். நோன்பையும் பிரியாணிக்கு மேலே ஏற்றினார். பார்சலுக்கும் பீஸ் வேண்டுமே, அதையும் கறிக் கணக்கில் சேர்த்தார். ஓட்டினார். நூற்று எண்பத்தேழு.

நம்பர் நம்பும்படி இருந்தது. மாஸ்டர் கரண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கோழி இறக்கச் சொன்னார். ஆளுக்கு ஒரு பீஸ் என்று கணக்காகப் போட்டார்.

மதியம் வரிசை நின்றது. முதலில் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. அண்டாவுக்கு முன்னால் வந்ததும் சிலருக்கு பக்தி திரும்பிவிட்டது.

"அண்ணாத்த, இன்னிக்கு வெள்ளி. பீஸு வேணாம். குஸ்கா மட்டும் வை."

கோழியோடு வெந்த சோறுதான். தட்டில் பீஸ் இல்லாவிட்டால் அது சைவம். எங்கள் பக்கத்தில் இதற்கு யாரும் ஆட்சேபம் சொன்னதில்லை.

பின்னால் நின்றவன் கேட்டான். "எனக்கும் குஸ்கா. பீஸு இல்லல்ல, சோறு ரெண்டு கரண்டி போடு."

அதைக் கேட்டு அடுத்தவன். அதற்கடுத்தவன். மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார். சோறு இறங்கிக்கொண்டே போனது. பீஸ் அடியில் தங்கிவிட்டது. சிஸ்டம் சார் தயிர்சாத டப்பாவோடு ஓரமாக நின்று பார்த்தார்.

"குஸ்காவுக்கு இஃப் போடலையே," என்றார்.

"நீ இன்னா கேட்டுகினு வந்தே?" என்று மாஸ்டர் என்மேல் பாய்ந்தார். "கறி வேணுமா வேணாமான்னுதானே கேட்டே? குஸ்கா கேட்டியா?"

"நீ சொன்னியா?" என்றேன்.

சோறு தீர்ந்தது. கடைசியாக வந்தவர்களுக்குச் சாம்பார் சாதத்தின்மேல் பீஸ் வைத்தோம். திட்டிக்கொண்டே தின்றார்கள். நோன்புக்காரர்களுக்குச் சோறு இல்லாமல் பீஸ் மட்டும் கட்டிக் கொடுத்தோம். அதற்கப்புறமும் அடியில் கறி கிடந்தது.

மானேஜர் வந்தார். அண்டாவை எட்டிப் பார்த்தார்.

"சோறு இல்லாம கறி மட்டும் எப்படிய்யா மிஞ்சும்?"

"கம்ப்யூட்டரு போட்ட கணக்கு சார்," என்றார் மாஸ்டர்.

"மாஸ்டர் சொன்ன வரிசைதான் சார்," என்றார் சிஸ்டம் சார்.

பாய் கூரையைப் பார்த்தார்.

"எண்ணு," என்றார் மானேஜர். "ஐம்பதுக்கு மேல இருந்தா திங்கட்கிழமையிலேருந்து வேற ஆளு."

சிஸ்டம் சாருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சரியா ஐம்பதுன்னா, சார்?"

மாஸ்டர் அவரை முறைத்தார். மானேஜரும் முறைத்தார்.

"ஐம்பது வரைக்கும் பொறுத்துக்கறேன். எண்ணுய்யா."

நான் தாம்பாளத்தைப் பிடித்தேன். மாஸ்டர் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார், நான் வாய்விட்டுச் சொன்னேன். கழுத்தும் நெஞ்சு எலும்புமாக வந்தது. முப்பது தாண்டியபோது தாம்பாளம் கனத்தது. நாற்பதில் மாஸ்டர் நிறுத்தி நெற்றியைத் துடைத்தார். பிறகு அடிக்கரண்டி போட்டுச் சுரண்டினார். பாய் உதடு அசைந்தது, எண்ணினாரோ வேண்டிக்கொண்டாரோ.

மாஸ்டர் அண்டாவைச் சாய்த்துக் காட்டினார். மானேஜர் குனிந்து பார்த்தார். காலி.

நாற்பத்தாறு.