பயிற்சிக்குப் போன டீச்சர்

என் மனைவிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சோறு வேகும்வரைகூடப் பொறுமை இல்லாமல் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடப்பாள். தொழிற்பயிற்சி நிலையத்தில், இரும்பைக் கடையும் லேத் மெஷினுக்கு டீச்சர். அங்கே புதிதாகக் கம்ப்யூட்டர் லேத் வாங்கிப் போட்டார்கள். ஓட்டிக் காட்டத்தான் ஆள் இல்லை. இவளுக்கே பழைய லேத்துதான் தெரியும். விடுமுறையில் தொழிற்சாலைக்குப் போய்க் கற்று வரச் சொன்னார்கள்.

சீக்கிரமே கைக்கு வந்துவிட்டது. மேனேஜர் பிடித்துக்கொண்டார். "இங்கயே இருந்துடுங்க மேடம். நல்ல சம்பளம் தரோம். வெள்ளிக்கிழமை சொல்லுங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. மகளை வெளியூரில் படிக்க வைக்கலாமென்று மனக்கோட்டை கட்டினேன். இவளோ, "என் வகுப்புப் பிள்ளைங்க?" என்று அதையே அரைத்துக்கொண்டிருந்தாள்.

"வேற டீச்சர் வராமலா போயிடுவாங்க?" என்றேன். எரிச்சல்தான்.

வெள்ளிக்கிழமை சம்மதம் சொல்லத்தான் போனாள். மேனேஜர் அறை வாசலில் காத்திருக்க முடியாமல் அடுத்த கூடத்துக்குள் நடந்திருக்கிறாள். அங்கே இருந்த ஒருவர் இவள் வேலை பார்க்கும் நிலையத்தின் பெயரைக் கேட்டதும் சிரித்தார்.

"நானும் அங்க டீச்சர்தாங்க. இப்படித்தான் கத்துக்க வந்தேன். இங்கயே வெச்சுக்கிட்டாங்க."

"அப்போ உங்க வகுப்பு?"

"அதுக்குத்தான் நீங்க வந்தீங்களே."

"நான் வந்தது ஒரு வருஷம் கழிச்சு. அதுவரைக்கும் பூட்டியே கிடந்துச்சு!"

நேரே மேனேஜரிடம் போனாள். வழக்கம்போல அவர், "படிச்சிட்டு இங்க வேலைக்கு வர்றதுங்களுக்கு ஒண்ணும் தெரியல மேடம்" என்று ஆரம்பித்தார்.

"எப்படித் தெரியும்? சொல்லிக் குடுக்கறவங்களை எல்லாம் இங்க கூட்டிட்டு வந்துட்டீங்க. நான் திரும்பிப் போறேன். அந்த சாரையும் வாரத்துல ரெண்டு நாள் அனுப்புங்க."

"பார்க்கலாம்" என்றாராம்.

வீட்டில் நான் குதித்தேன். "வலிய வந்த வேலையை உதறிட்டு வந்திருக்கியே, உனக்குப் புத்தி இருக்கா?"

"எனக்கும் ஆசை இல்லையா?" என்று சொல்லி அழுதுவிட்டாள்.

நிலையம் திறந்தது. தொழிற்சாலையிலிருந்து அந்த சார் வரவில்லை. அதுமட்டுமா, வேறொரு தொழிற்சாலைக்குப் பயிற்சிக்குப் போன வெல்டிங் சாரும் திரும்பவில்லை. இவள் போன் செய்தாள், எடுக்கவில்லை. வெல்டிங் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும்படி நிலைய முதல்வர் சொல்லிவிட்டார்.

இப்போது இரண்டு வகுப்புக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கிறாள். வெல்டிங் அவளுக்குத் தெரியாது.