யாரும் விடுபடவில்லை

காலை ஆறு மணிக்கு மலாக்காவின் ஆயர் குரோவில், எங்கள் அலுவலகத்தின் குளிர்ந்த சிற்றறைக்குள், சர்வரில் நான் ஜாவா என்ற கணினி மொழியில் எழுதி வைத்த ஒரு வேலை, ஒரு சின்ன நிரல், கண் விழிக்கும். டயாலிசிஸ் நிலையத்துக்கு நேற்று வர வேண்டியவர்களில் வராமல் போனவர் யார் என்று பார்க்கும். அந்தப் பெயர்களை மிஸ்ஸியின் திரையில் எழுதும். பிறகு மறுநாள் ஆறு மணி வரை செத்ததுபோல் கிடக்கும். மிஸ்ஸி என்றால் அங்கே பொறுப்பில் இருந்த தாதி. வராதவருக்குப் போன் போட்டு, திட்டி, கெஞ்சி வரவழைப்பார். ஒரு முறை தவறினால் உடம்பில் நீர் ஏறும். அடுத்ததும் தவறினால் இதயம் எந்த நிமிடமும் நின்றுபோகலாம்.

அந்த நிலையத்தில் எனக்குத் தெரிந்த ஒருவரும் இருந்தார். காஜா பெராங்கில் என் அடுத்த வீட்டுக்காரர், மலாக்காச் செட்டி. கும்பிடுவது மாரியம்மனை, பேசுவது மலாய். நாடு சுதந்திரம் பெற்ற மெர்டேக்கா ஆண்டில் பிறந்தவர், மனைவி போன பிறகு தனி ஆள். செவ்வாய், வியாழன், சனி அவருடைய நாள்கள்.

குறித்த நேரத்துக்கு வேலையை எழுப்பிவிட ஜாவாவுக்குள் ஒரு காவலாள் உண்டு. அதன் குணம் எனக்கு அப்போதே பயம் தந்தது. எழுப்பிய வேலை நடுவில் தடுக்கி விழுந்து, அதை நாம் தாங்கிப் பிடிக்காவிட்டால், அந்த வேலையை அது இனி எழுப்பவே எழுப்பாது. மணி அடிக்காது. ஒரு வரிகூட எழுதி வைக்காது. விசிறி சுழலும், பச்சை விளக்கு எரியும், சர்வர் மற்ற எல்லாவற்றையும் செய்துகொண்டிருக்கும். படித்திருந்தேன். படித்தும் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காமல் விட்டேன். அப்புறம் பார்க்கலாம் என்று.

அந்த வருடம் போகி ஒரு வியாழக்கிழமை. செட்டிகளுக்கு அது முன்னோருக்குப் படைக்கும் நாள், பார்ச்சு என்பார்கள். வாழையிலை விரித்து, செத்தவர்களுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து வைத்து, அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். வீட்டுக்கு மூத்தவர் இல்லாமல் ஆகாது. என் அடுத்த வீட்டில் அவர்தான் மூத்தவர்; மிஸ்ஸியிடம் லீவு கேட்டார், சனிக்கிழமை கட்டாயம் வருகிறேன் என்று சத்தியம் செய்தார். மிஸ்ஸிக்கு மனம் இரங்கிவிட்டது. பார்ச்சுக்குப் போனவர் பெயர் வராதவர் பட்டியலில் விழக்கூடாது என்று, கணினி அட்டவணையில் அவருடைய வியாழக்கிழமை நேரத்தை அழித்துவிட்டு அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டார்.

வெள்ளி காலை ஆறு மணிக்கு என் வேலை எழுந்தது, அந்த வெறுமையில் கால் வைத்தது, விழுந்தது. எனக்கு ஒன்றும் தெரியாது. சனிக்கிழமை அவர் கேட் பூட்டியே கிடந்ததைப் பார்த்தேன். விருந்தாடிய களைப்பு என்று நினைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன்.

திங்கள் காலை மிஸ்ஸி போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"அக்கா, உங்க சிஸ்டம் சூப்பர் லா! வெள்ளியிலேருந்து ஒருத்தர்கூட மிஸ் இல்ல. பொங்கல் வந்தவொடனே எல்லாம் நல்ல பிள்ளையா ஆயிட்டாங்க."

"ஒருத்தர்கூடவா?"

"லிஸ்ட் காலிக்கா. 'யாரும் விடுபடவில்லை'ன்னு சும்மா அழகா காட்டுது."

அந்த வாக்கியத்தை எழுதியவள் நான். பெயர் எதுவும் வந்து சேராவிட்டால் அதைக் காட்டு என்று சொல்லியிருந்தேன். பெயர் தேடப் போனவனே திரும்பவில்லை என்றால் என்ன காட்டுவது என்று சொல்லவில்லை. பொங்கல் வாரத்தில் எல்லோரும் வந்தார்களாம். போனை வைத்ததும் சர்வரின் பதிவேடான லாக்கைப் பார்க்கச் சொன்னேன்.

பக்கத்து மேசைத் தம்பி லாக்கைத் திறந்து பார்த்தான். "எரரே இல்லக்கா. செகப்பு ஒண்ணுகூட இல்ல. ஏன் டென்ஷன் ஆவுறீங்க?"

"ஆறு மணி வரி எங்கடா?"

மேலே நகர்த்தினான். இன்னும் மேலே. வெள்ளி ஆறு மணிக்குத் தொடங்கியது என்று ஒரு வரி. முடிந்தது என்ற வரி இல்லை. அதற்கப்புறம் அந்த வேலையின் பேச்சே இல்லை.

வெற்றுக் கட்டத்தைத் தாண்டிப் போகும்படி திருத்தி, சனிக்கிழமைக்கான தேடலைக் கையால் ஓட்டினேன். ஒரே ஒரு பெயர் வந்தது. என் அடுத்த வீடு. கடைசியாக ரத்தம் சுத்தம் செய்தது போன செவ்வாய். ஆறு நாள். நடுவில் படையல் வாழைப்பழம், இளநீர், இறைச்சிக் குழம்பு, சிறுநீரகம் வேலை செய்யாத உடம்புக்கு எல்லாமே விஷம்.

ஆயர் குரோவிலிருந்து வீடு வரும்வரை ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அவர் எண்ணை அழுத்தினேன். அடித்துக்கொண்டே இருந்தது. வழியிலேயே ஆம்புலன்சுக்கும் சொல்லிவிட்டேன்.

கேட் ஏறிக் குதித்தேன். கதவு திறந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தார். படுத்தால் மூச்சு வரவில்லையாம். கால் இரண்டும் விரல் பதித்தால் குழி விழும்படி வீங்கியிருந்தன. போன் மடியில் இருந்தது. அதை எடுக்கக் கையைத் தூக்க முடியவில்லை.

"சனிக்கிழமை தலை சுத்துச்சு," என்றார் மலாயில், ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று. "போகலை. மிஸ்ஸி திட்டக் கூப்பிடுமேன்னு பார்த்தேன். கூப்பிடலை. அப்ப பரவாயில்லைபோலன்னு..."

ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் இயந்திரத்தில் வைத்தார்கள். வெளியே பெஞ்சில் மிஸ்ஸி அழுதுகொண்டிருந்தார். "நான்தாங்கா அழிச்சேன். நல்லதுன்னு நெனச்சு அழிச்சேன்." வெறுமையில் விழக்கூடிய ஒன்றை எழுதியவள் நான் என்று அவரிடம் சொன்னேன். உள்ளே போய்ப் பெரியவரிடமும் சொன்னேன், முதலிலிருந்து கடைசி வரை. காவலாள், விழுந்த வேலை, பொய் சொன்ன திரை. எவ்வளவு புரிந்ததோ. "தாக் அபா," என்று கையை லேசாக அசைத்தார், போகட்டும் விடு என்கிற மாதிரி. எனக்கு அது மனசில் இறங்கவில்லை.

அதற்குள் மிஸ்ஸியும் உள்ளே வந்து நின்றார். பெரியவர் அவரைப் பார்த்துக் கேட்டார்: "அடுத்த பார்ச்சுக்கும் லீவு தருவியா?"

மிஸ்ஸி என்னைப் பார்த்தார். நான் பெரியவருடைய கால்களைப் பார்த்தேன். வீக்கம் பாதிதான் வடிந்திருந்தது.