கேட்டால்தான் தண்ணீர் என்றிருந்தேன்

நாங்கள் ஹைதராபாத் குஷாய்குடாவில் இருக்கிறோம். என் மகன் நிகிலுக்கு இரண்டரை வயது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை; இன்னும் பேச்சு வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரலை உதட்டில் வைத்துக் காட்டும்படி தெரபி டீச்சர் பழக்கியிருந்தார். "அவன் காட்டுற வரைக்கும் கொஞ்சம் பொறுங்க" என்றார். அந்தக் 'கொஞ்சம்' என் காதில் ஏறவில்லை.

போன ஏப்ரலில் ஒருநாள் காலையிலிருந்தே அவனுக்கு லேசான ஜுரம். டம்ளருடன் எதிரே உட்கார்ந்து, "தண்ணி வேணுமா? காட்டு கண்ணா" என்றேன். வெறுமனே பார்த்தான். தாகமில்லை போலும் என்று டம்ளரை வைத்துவிட்டேன். நான்கு முறை இப்படியே நடந்தது.

மதியம் எதிர்வீட்டு மைதிலி அக்கா வந்தார். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர்; 'ஏன்' என்பதற்கு அந்த ஊர் உருதுவில் 'கைக்கு' என்றுதான் அவருக்கு வரும். "கைக்கு இவன் இப்படித் துவண்டு கிடக்கான்? அழறான், கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லையேடி!"

டயப்பரைத் தொட்டுப் பார்த்தேன். காலையில் மாற்றியது, காய்ந்தே இருந்தது. அக்காதான் ஆட்டோ பிடித்தார்.

டாக்டர் திட்டவில்லை. "கையைத் தூக்கவே தெம்பில்லாத பிள்ளை எப்படிம்மா கேட்கும்?" என்று மட்டும் தெலுங்கில் கேட்டார்.

டிரிப்ஸ் பாதி இறங்கியதும் நிகில் அசைந்தான். ஊசி குத்திக் கட்டுப்போட்ட அதே கையை உதட்டுக்குக் கொண்டுபோகப் பார்த்தான்.

இப்போது அவன் காட்டினாலும் காட்டாவிட்டாலும் அரை மணிக்கொரு தடவை ஸ்பூனில் தண்ணீர் கொடுக்கிறேன். டயப்பர் நனைகிறதா என்று பார்க்கிறேன். சைகைப் பாடமும் நடக்கிறது, பிஸ்கட்டுக்கு மட்டும்.