முறுக்கிய முன்சக்கரம்

வாசலில் மகன் லாரியின் முன்சக்கரத்துக்குப் புது பேரிங் போட்டு, மூச்சைப் பிடித்து நட்டை முறுக்குகிறான். கிரீஸ் வாடை அடுப்படி வரை வருகிறது. எனக்கு எரிச்சலும் கூடவே வருகிறது.

நான் சிறுமியாக இருந்தபோது அப்பாவும் இப்படித்தான். கீரமங்கலத்தில் மாமாவுக்குக் கல்யாணம். அதற்கு முதல்நாள் வீட்டு வாசலிலேயே பேரிங் மாற்றி, சக்கரம் துளியும் ஆடாதபடி இறுக்கினார்.

"செத்த தளர்த்தி விடுங்க. மாட்டு வண்டிக்கே எடம் விட்டுத்தானே கடையாணி போடுறாங்க?" என்றாள் அம்மா.

"லாரியும் மாட்டு வண்டியும் ஒண்ணா? பேசாம இரு."

மறுநாள் பாதி வழியில் கிரீஸ் கருகிச் சக்கரம் புகைந்தது. பேரிங் வெந்துபோயிருந்தது. பட்டுச்சேலையோடு ரோட்டில் நின்ற அம்மாவையும் எங்களையும் கடைசியில் ஒரு மாட்டு வண்டிதான் ஏற்றிக்கொண்டது. போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டியாகி, பந்தியும் முடிந்திருந்தது. தன் தம்பி கல்யாணத்தைப் பார்க்க முடியாத அம்மா, லொடலொடத்த வண்டிச் சக்கரத்தை அப்பாவுக்குக் காட்டினாள்.

"ஆடிக்கிட்டேதான் வந்துச்சு. வந்து சேந்துருச்சு, பாருங்க."

இப்போது வாசலுக்குப் போய், "கொஞ்சம் தளர்த்துடா" என்கிறேன்.

"தளர்த்துனா ஆடும்மா. ஒனக்குத் தெரியாது" என்று இன்னொரு முறுக்கு முறுக்குகிறான்.

நாளைக்கு இதில்தான் என் தம்பி மகள் கல்யாணத்துக்குக் கிளம்புகிறோம். இந்தக் காலத்தில் நடுரோட்டில் மாட்டு வண்டிக்கு நான் எங்கே போவேன்?